இரண்டு கட்டை இறக்கம்

தைராய்டு ஆபரேஷன் முடிந்து பல மாதம் கழித்துத்தான் வெற்றிச்செல்வி வாய் திறந்து பாடிப் பார்த்தாள். கீழே குரல் நன்றாகவே இருந்தது. மேலே போனதும் கிழிந்தது. பழைய உச்சம் இனி வராது, இருப்பதை வைத்துப் பாடிக்கொள்ளுங்கள் என்று திருச்சி டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

பெரம்பலூர் ஜவுளிக்கடை ஒன்றில் பகல் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டுவது அவள் பிழைப்பு. முகூர்த்த நாட்களில் அரியலூர் அறிவரசனோடு மண்டபங்களில் பாடுவாள். அவர்கள் இருவர்தான் கச்சேரி. பாடகர் குரலை நீக்கிய இசையை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதன்மேல் பாடுவார்கள். அதற்கு டிராக் என்று பெயர். பக்கத்தில் வாத்தியக்காரர் இருந்தால் கொஞ்சம் இறக்கி வாசியுங்கள் என்று கேட்கலாம். டிராக்கிடம் கேட்க முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு அறிவரசன் டூயட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தார். சிரமப்படாதே, பார்த்துக்கொள்ளலாம் என்பார். தன்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார் என்றே அவளுக்குப் பட்டது.

டிராக்கின் சுருதியையே இரண்டு கட்டை இறக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. நர்சிங் படிக்கப் போன மகள் விட்டுச்சென்ற லேப்டாப்பில் இலவச மென்பொருள் ஒன்றை ஏற்றினாள். கடை விட்டு குரும்பலூர் வீட்டுக்கு வந்து, உலை வைத்துவிட்டு அதன் முன் உட்காருவாள். சொல்லித்தரும் வீடியோக்கள் இந்தியிலும் இங்கிலீஷிலும் ஓடின. பேச்சு புரியாததால் அம்புக்குறி எங்கே போகிறது என்பதை மட்டும் பார்த்து, நிறுத்தி, மறுபடி ஓட்டினாள்.

முதலில் சுருதியோடு வேகமும் குறைந்து பாட்டு இழவுவீட்டு நடையில் போனது. வேகத்தைச் சரிசெய்தால் தபேலா ஈரச்சாக்கில் அடித்தது போலக் கேட்டது. தாளத்தைத் தனியே பிரித்துத் தொடாமல் வைத்து, மற்றதை மட்டும் இறக்க வேண்டும் என்று ஒருவழியாகப் பிடிபட்டது. அன்றைக்குப் பார்த்துச் சேமிக்காமல் மூடிவிட்டாள். அழக்கூடத் தெம்பில்லாமல் படுத்துவிட்டாள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. தனக்காக இறக்கினால் அறிவரசன் பாடும் பகுதி பாதாளத்துக்குப் போய்விடும். அதனால் அவர் சரணத்தைப் பழைய சுருதியிலேயே விட்டு, தன்னுடையதை மட்டும் இறக்கி, நடுவில் வரும் இசையில் இரண்டையும் ஒட்டினாள். ஒட்டிய இடம் தெரிந்தது. வெட்டி, மறுபடி ஒட்டினாள். கடையில் நின்றபடியே கண் சொக்கியது.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு பஸ் ஏறி அறிவரசனின் செல்போன் ரிப்பேர் கடைக்குப் போனாள். அவள் ஓடவிட்ட டிராக்கைக் கேட்டுக்கொண்டே அவர் மெல்லப் பாடினார். தன் சரணத்தின் மேல் வரி வந்ததும் கழுத்து நரம்பு புடைத்தது. இருமி நிறுத்தினார்.

"என் சரணத்த மட்டும் ஏம்மா இறக்காம வுட்ட?"

"ஒங்களுக்கு ரொம்பக் கீழ போயிடுமேன்னுதாண்ணே."

"போவட்டும். எனக்கு மேல எட்டாம ரொம்ப நாளாச்சு. டூயட்ட நான் ஏன் நிறுத்துனேன்னு நெனச்ச?"

அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ராத்தூக்கம் கெட்டதெல்லாம் வீண். ஆனால் கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

"முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"நீ தொண்டைய அறுத்துக்கிட்டு வந்து நிக்கிற. ஒங்கிட்ட என் தொண்டையப் பத்தி எப்படிச் சொல்றது?"

பழுதான போன்களை ஒதுக்கி அவர் இடம் செய்துகொடுக்க, அங்கேயே பாட்டு முழுவதையும் ஒரே சீராக இறக்கினாள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அந்த வாரக் கல்யாண வரவேற்பில் பாடினார்கள். பாதிக் கூட்டம் பந்திக்குப் போயிருந்தது; மிச்சம் போட்டோவுக்கு நின்றது. சுருதி இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. உச்ச வரியை அவள் கிழியாமல் எடுத்தாள். அறிவரசன் கீழ்ச் சுருதியில் நிதானமாகப் பாடினார். அங்கே அவர் குரல் அழகாகவே இருந்தது.

ஒயர்களைச் சுருட்டும்போது, மற்ற பாட்டுகளையும் இறக்கித்தர முடியுமா, தன் தனிப்பாட்டுகளையும் சேர்த்து, என்று கேட்டார். மேடைப் படியில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்த அவள் கொட்டாவி விட்டாள்.

"செய்றேண்ணே. மெதுவாத்தான் வரும்" என்றாள்.