மெதுவாகப் போகிறவர்கள் போட்டி

பனிக்காலம் முடிந்ததும் மூன்று பேரும் ஒரே வண்டியில் தெற்கே போவது என்று டிசம்பரிலேயே பேசி வைத்திருந்தோம். ககோஷிமாவில் சுடுமணலில் கழுத்துவரை புதைந்து கிடப்பது, அங்கிருந்து கப்பலில் ஒகினாவா, பிறகு வீடு. மார்ச் வந்தபோது மூன்று பேர் இருந்தோம். வண்டி இல்லை.

மூவரும் தைவானில் தைச்சுங் நகரத்துக்காரர்கள். ஜப்பானில், ஷிராகுரா என்ற பனிமலை ஊரில், மொமோசே என்பவரின் விடுதியில் வேலை. மெங்ஷான் சறுக்குப் பலகைகளை வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் இருந்தாள். சோங்யீ சமையலறையில் பாத்திரம் கழுவினான். நான் இரவுக் காவல். கொதிகலனைப் பார்த்துக்கொள்வதும், குடித்துவிட்டு அறை தெரியாமல் அலைகிறவர்களைச் சரியான கதவுக்குள் தள்ளுவதும் என் பொறுப்பு. கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு இதைவிடப் பொருத்தமான பதவி கிடையாது.

"வண்டி கிடைக்கலேன்னா இப்பவே சொல்லிடுங்கடா," என்றாள் மெங்ஷான் ஒரு நாள் சாப்பிடும்போது. "பாருல வேலை பாக்குற ஆஸ்திரேலியாக்காரங்க கார்ல ஒரு சீட்டு காலியா இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேக்குறாங்க."

"அப்ப நாங்க?" என்றான் சோங்யீ.

"பஸ்ல வாங்க. வந்து சேந்தீங்கன்னா பாக்கலாம்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் போனால் பயணம் முடிந்தது. எங்கள் மூவரில் ஜப்பானிய மொழியை ஒழுங்காகப் பேசவும் படிக்கவும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் நடுவில் இல்லாமல் சோங்யீயும் நானும் மூன்று நாள் சேர்ந்து இருந்தால் ஒருவன்தான் மிஞ்சுவான். பயணம் இல்லையென்றால் நான் நேராக வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே அண்ணன் என்னைத் தன் பன்றிப் பண்ணையில் சேர்த்துக்கொள்ளக் காத்திருந்தான். பன்றிகளும் காத்திருந்தன.

மறுநாள் காலை நான் வேலை முடித்துப் படுக்கப் போகும்போது சோங்யீ என்னை இழுத்துக்கொண்டு போய் நெஸுவின் வண்டிப் பட்டறை வாசலில் நிறுத்தினான். சுவரில் ஒரு சுவரொட்டி. அதில் ஒரு வெள்ளை வேனின் படம்.

"முதல் பரிசு வேன்டா," என்றான்.

"எதுக்குப் பரிசு?"

"படி. நம்ம எழுத்துதானே."

எழுத்து எங்கள் சீன எழுத்துதான். அதுதான் தொல்லை. ஜப்பானியர்கள் எங்கள் எழுத்தை எடுத்துக்கொண்டு அவரவர் இஷ்டத்துக்குப் பொருள் வைத்துக்கொண்டார்கள். சுவரொட்டியில் பெரிதாக நான்கு எழுத்துகள். முதல் எழுத்து 'நான்'. இரண்டாவது 'மெதுவு'. மற்ற இரண்டும் சேர்ந்து 'பெருங்கூட்டம்'.

"நான் மெதுவு பெருங்கூட்டம்," என்று படித்தேன்.

"மெதுவா சறுக்குறவங்களுக்கான போட்டி. சீசன் கடைசில வேடிக்கைக்கு வைப்பாங்கபோல. நம்மளவிட மெதுவா இந்த மலையில யாரு இருக்கா சொல்லு."

யாரும் இல்லை. நான்கு மாதம் பனியில் இருந்தும் நாங்கள் இருவரும் குழந்தைகளின் சரிவைத் தாண்டவில்லை. மழலைப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக எங்களைக் கடந்து போகும்போது அவர்களின் டீச்சர், "மாமாக்கள இடிக்காம போங்க கண்ணுங்களா," என்பாள்.

நெஸு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். சோங்யீ தன்னையும் என்னையும் சுட்டிக் காட்டி, பிறகு சுவரொட்டியைக் காட்டினான்.

"வெளியூர்ப் பசங்க இதுல சேந்ததே இல்லையே," என்றார் நெஸு. "உங்களால முடியுமா தம்பி?"

அந்த அளவு ஜப்பானிய மொழி எங்களுக்கும் புரியும். "பிறவியிலயே அப்படித்தான்," என்றான் சோங்யீ.

நெஸு அவன் தோளைத் தட்டினார். கண்களில் மரியாதை தெரிந்தது.

அந்த வாரம் முழுவதும் பயிற்சி எடுத்தோம். வேகமாகச் சறுக்குவது எளிது, விழுந்தால் போதும். மெதுவாகச் சறுக்குவதற்குக் கலை வேண்டும். பலகைகளின் முனைகளைச் சேர்த்து, தொடை நடுங்க, அங்குலம் அங்குலமாக இறங்கினோம். ஒரு முறை நான் அப்படியே நின்று தூங்கிவிட்டேன். மீட்புக் குழுவினர் வந்து எழுப்பினார்கள். சோங்யீ பொறாமைப்பட்டான்.

போட்டி நாள் நடுப்பகலில், பலகைகளைத் தோளில் சுமந்துகொண்டு கோயில் பின்புறத் திடலுக்குப் போனோம். சரிவு எதுவும் அங்கே இல்லை. மிசோ என்கிற சோயா விழுதைப் புளிக்க வைக்கும் பெரிய பீப்பாய்கள் வட்டமாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் பாதி தண்ணீர், பாதி பனி. தீயணைப்புப் படைக்காரர் ஒருவர் மண்வெட்டியால் மேலும் பனி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நெஸு எங்கள் பலகைகளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு நீள வெள்ளைத் துணியைக் கையில் கொடுத்தார்.

"இது என்ன, தலைப்பாகையா?" என்றான் சோங்யீ.

துண்டும் சூடான பானமும் கொண்டுவரச் சொல்லி நாங்கள் வரவழைத்திருந்த மெங்ஷான் அப்போதுதான் திடலோரம் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் படித்து முடித்தாள்.

"கோவணம்," என்றாள். "இது மெதுவு போட்டி இல்லடா. இங்க அந்த முதல் ரெண்டு எழுத்தும் சேந்தா பொறுத்துக்கறதுன்னு அர்த்தம். கோவணத்தோட பீப்பாய்க்குள்ள உக்காரணும். கடைசி வரைக்கும் உக்காந்திருக்கறவனுக்கு வேன். நடுவுல 'சமுய்'னு சொல்லிட்டா அவுட்டு."

"சமுய்னா?"

"குளிருதுன்னு அர்த்தம். தெரியாத மாதிரி கேக்குறான் பாரு, நாலு மாசமா இங்க இருந்துட்டு." அவள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். "விடுங்கடா. வீட்டுக்குப் போங்க. நான் அவங்க கார்ல போயிக்கறேன்."

நான் துணியைக் கட்டத் தொடங்கினேன். அண்ணனின் பண்ணையிலும் ஏறக்குறைய இதே உடைதான்.

எட்டுப் பேர் உட்கார்ந்தோம். எனக்கு அடுத்த பீப்பாயில் எங்கள் முதலாளி மொமோசே. ஆறு ஆண்டுகளாக அவர்தான் ஜெயிக்கிறாராம். வாடிக்கையான குளியல் தொட்டியில் இறங்குகிறவர்போல இறங்கி, ஒரு கைக்குட்டையை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டார். நானும் இறங்கினேன். இடுப்புக்குக் கீழே எனக்குச் சொந்தமாக இருந்த அனைத்தும் ஒரே நொடியில் மேலே குடிபெயர்ந்தன.

சோங்யீ உடனே எங்கள் தைவான் பேச்சில் ஆரம்பித்தான். "அய்யோ குளிருதே, சாவுறேனே, இந்தத் தண்ணிய ஊத்துனவன் குடும்பம் வெளங்குமா."

நானும் சேர்ந்துகொண்டேன். எங்கள் மொழியில் புலம்பக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. இருவரும் சேர்ந்து பனியையும், பீப்பாயையும், சீன எழுத்தைக் கண்டுபிடித்தவனையும் திட்டித் தீர்த்தோம். அது உடம்புக்குக் கொஞ்சம் சூடு கொடுத்தது.

நடுவராக மேளத்தருகே நின்ற நெஸுவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கையில் மேளக்கோலோடு மெங்ஷானிடம் போனார். "அந்தத் தம்பிங்க என்னம்மா சொல்றாங்க?"

மெங்ஷான் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "உங்க ஊர் தண்ணியப் பாராட்டுறாங்க."

"இவ்வளவு நேரமாவா?"

"தண்ணி அவ்வளவு நல்லா இருக்காம்."

கூட்டம் கைதட்டியது. தீயணைப்புப் படைக்காரர் நெகிழ்ந்துபோய் எங்கள் பீப்பாய்களில் இன்னொரு மண்வெட்டி பனி போட்டார்.

முதலில் தபால்காரர் எழுந்து ஓடினார். பிறகு பனிச்சறுக்கு ஆசிரியர் 'சமு' என்று தொடங்கி, சமாளித்து 'சமுராய்' என்று முடிக்கப் பார்த்தார். மேளம் ஒரு தட்டு. வெளியே. ஒவ்வொருவராகக் குறைந்து நான், சோங்யீ, மொமோசே என்று மூன்று பேர் மிஞ்சினோம். ஜெயித்துவிடுவோம் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்த நேரத்தில் சோங்யீ கழுத்தை நீட்டி உரக்கக் கேட்டான்.

"ஏய் மெங்ஷான், மறந்துபோச்சு. எந்த வார்த்தைய சொல்லக் கூடாதுன்ன? சமுய்யா?"

மேளம் அடித்தது.

"நான் சும்மா கேட்டேன்யா," என்று அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது நானும் மொமோசேயும். திட்டுவதற்குத் துணை இல்லாததால் எனக்கு வாய் கட்டிவிட்டது. கால்கள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"நல்லா உக்காந்திருக்க," என்றார் மொமோசே.

"நீங்களும்தான், மொமோசே-சான்."

"ஏப்ரல் வரைக்கும் இருந்துட்டுப் போயிருக்கலாம். ராத்திரி வேலைக்கு ஆளே கிடைக்கிறதில்ல."

"உங்களுக்கு எதுக்கு வேன்? ஏற்கெனவே ரெண்டு இருக்கே."

"வேன் யாருக்கு வேணும். ஜெயிக்கறது ஒரு பழக்கமாயிடுச்சு."

அவர் முகம் பிள்ளைபோலச் சிவந்து ஆரோக்கியமாக இருந்தது. அவர் ராத்திரி வரை உட்காருவார். நான் இன்னும் கொஞ்ச நேரத்தில் செத்துவிடுவேன். வெளியே மெங்ஷான் கைபேசியை எடுத்தாள். ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு எழுதப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பற்கள் அடித்துக்கொள்ளாமல் இருக்க நாக்கை நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

அப்போது ரயிலடியிலிருந்து விடுதி பஸ் வந்து திடலோரம் நின்றது. புது விருந்தாளிகள் இறங்கினார்கள். வருடந்தோறும் வரும் வயதான தம்பதி மொமோசேயை அடையாளம் கண்டு, பீப்பாய் அருகே வந்து குனிந்து வணங்கினார்கள்.

மொமோசே விடுதிக்காரர். அவருடைய அப்பாவும் விடுதிக்காரர். விருந்தாளி குனிந்தால் அவர் முதுகு தானாகக் குனியும், வாய் தானாகத் திறக்கும். நெற்றி பனித்தண்ணீரைத் தொடுகிற அளவு குனிந்து, வாசலில் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"ஒ-சமுய் நாகா, யோகோசோ." இந்தக் குளிரிலும் வந்திருக்கிறீர்கள், வாருங்கள் வாருங்கள்.

நெஸு மேளத்தைப் பார்த்தார், மொமோசேயைப் பார்த்தார். பிறகு வருத்தத்தோடு ஒரு தட்டுத் தட்டினார்.

மொமோசே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "அட பாவமே, நீயா அவுட்டு?"

"நீங்கதான்," என்றேன்.

அவர் யோசித்தார். உதடுகள் அந்த வரவேற்பை மறுபடி மெல்லச் சொல்லிப் பார்த்தன. பிறகு தலையிலிருந்த கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வயதான தம்பதி என்ன தவறு செய்தோம் என்று தெரியாமல் மறுபடியும் குனிந்து வணங்கினார்கள்.

வேன் ஓடியது. வெங்காயத்தாள் நாற்றம் அடித்தது. பின்னால் சீட்டு இல்லை.

"சீட்டு எங்க?" என்றாள் மெங்ஷான்.

"வீட்ல இருக்கு," என்றார் நெஸு, தரையைப் பார்த்தபடி.

நெஸுவின் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் அந்தச் சீட்டைப் பலகையில் பொருத்தி வைத்திருந்தார்கள். அதில் அவர் மனைவியும் ஒரு பூனையும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் திரும்பவே இல்லை.

"இத நீங்க எடுத்துட்டுப் போனா நான் எதுல உக்கார்றது?"

எங்கள் பின்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்ற மொமோசே தொண்டையைக் கனைத்தார். "விடுதியிலருந்து ஒரு சோபா அனுப்பறேன்."

"எது, அந்தப் பச்சையா? அது குத்தும்."

"சரி, பழுப்பு."

"அந்தச் சின்ன முக்காலியும் சேத்து."

மொமோசே பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். பீப்பாயில் அவர் முகம் அப்படிக் கோணி நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சீட்டைப் பொருத்தி முடித்தோம். சோங்யீ பின்னால் ஏறிக் காலை நீட்டினான். நான் முன்னால், மூன்று காலுறை போட்டுக்கொண்டு. மெங்ஷான் வண்டியைக் கிளப்பும் முன் கைபேசியில் எதையோ அடித்தாள்.

"என்ன எழுதுன?" என்று கேட்டேன்.

"வண்டி கிடைச்சுடுச்சு, வரலன்னு. அந்தக் காலி சீட்டுக்குச் சோங்யீய வேணா எடுத்துக்கறீங்களான்னும் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"வேணாம்னுட்டாங்க," என்று சொல்லி கியரைப் போட்டாள்.