நடு முட்டு

தளத்துக்குக் கான்கிரீட் போடுகிற நாளில் மேலே திருவிழாதான். எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, வீட்டுக்காரர் குடும்பம் முதல் சட்டியைக் கொட்டி, ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொள்ளும். கீழே பலகை அடைத்து, முட்டுக் கொடுத்து சென்ட்ரிங் அடித்தவனை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவன்தான் கடைசிச் சட்டி விழும்வரை சவுக்கு முட்டுகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வந்து, எது நெகிழ்கிறது, எங்கே ஆப்பு தளர்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சிதம்பரத்தில் ராமாமிர்தம் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் அன்றைக்கு அந்தக் காவல் காத்தவராயனுக்கு.

வழக்கமாக அவனுக்குத் துணையாள் ஆண்டி கூட இருப்பான். மேலே ஆள் போதவில்லை என்று அவனையும் மேஸ்திரி இழுத்துக்கொண்டு போய்விட்டான். சட்டி தூக்குகிற பெண்களில் காத்தவராயனின் மனைவி சின்னம்மாளும் இருந்தாள். கொட்டி முடித்ததும் சட்டியின் விளிம்பை இரண்டு தட்டு தட்டுவது அவள் பழக்கம். மிக்சர் மிஷின் போடுகிற கூச்சலிலும் தலைக்கு மேல் அந்தச் சத்தம் அவனுக்குத் தனியாகக் கேட்டது. ஊருக்கே கேட்கிற மாதிரி தட்டுறா பாரு என்று சிரித்துக்கொண்டே நடந்தான்.

சிரிப்பு கூடத்தின் நடுவில் நின்றுபோனது. நடு முட்டு ஒன்று சாய்ந்திருந்தது. காலையில் குண்டு நூல் விட்டுப் பார்த்து நிறுத்திய முட்டு அது. குனிந்து பார்த்தான். அடிப்பலகை மண்ணுக்குள் புதைந்துகொண்டிருந்தது. செங்கல்லைச் செருகினான், அதையும் மண் வாங்கிக்கொண்டது. ஆப்பு அடித்தான், அடிக்க அடிக்க உள்ளே போனது. நீளப் பலகை ஒன்று குறுக்கே போட்டால் தாங்கும். இருந்த பலகை எல்லாம் சாரத்துக்கு மேலே போய்விட்டது. முட்டின் அடி வெளியே நழுவப் பார்த்தது. முதுகைக் கொடுத்து, இரண்டு கையாலும் பின்னால் பற்றி, காலைத் தரையில் ஊன்றி அதை நிமிர்த்திப் பிடித்தான்.

ஒரு ஆளின் முதுகு ஈரக் கான்கிரீட்டைத் தாங்காது. அது அவனுக்குத் தெரியும். முட்டு சரியாமல் பிடிக்கலாம், அவ்வளவுதான். விட்டால் அது போகும். அது போனால் அதன் பாரம் பக்கத்து முட்டுக்கு ஏறும், அதுவும் போகும். பிறகு மேலே நிற்கிற அத்தனை பேரும் கம்பியும் ஜல்லியுமாகக் கீழே வருவார்கள்.

"மச்சான்! மிஷினை நிறுத்து மச்சான்!" என்று மேஸ்திரி அருள்முருகனைக் கூப்பிட்டான். மிஷின் அந்தக் குரலை அப்படியே தின்றுவிட்டது. செல்போன் வாசலில் மாட்டிய சட்டைப் பையில் கிடந்தது. எட்டடி தூரம். அந்த எட்டடியைத்தான் அவனால் போக முடியவில்லை.

அப்போதுதான் ராமாமிர்தம் உள்ளே வந்தார். பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மல்லு வேட்டியைச் சிமெண்ட் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னப்பா, கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற?" என்றார்.

"சார், மண்ணு உள்வாங்குது. இங்க கீழ இன்னா இருக்குது?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலை இறக்கினார். "பழைய கெணறுப்பா. மண்ணு போட்டுத் தூத்துட்டுத்தான் கடக்கால் எடுத்தோம். கெணத்தைத் தூத்து வூடு கட்டுனா குடும்பத்துக்கு ஆகாதும்பாங்க. சம்பந்தி வூட்டுக்குத் தெரிஞ்சிடுமேன்னு யார்கிட்டயும் சொல்லல."

காத்தவராயனுக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். நேற்று நாலு மூலையிலும் கடப்பாறையால் குத்திப் பார்த்தவன், நடுக்கூடத்தைக் குத்தாமல் விட்டோமே என்று தன் மேலேயும் கோபம் வந்தது. கோபப்பட இப்போது நேரமில்லை.

"தாங்குமாப்பா?"

"சொல்ல முடியாது சார். மேல போங்க. மிஷினை நிறுத்தச் சொல்லுங்க. கெழக்கு ஓரமா ஒவ்வொருத்தரா எறங்கட்டும். யாரும் ஓடக் கூடாது, ஓடுனா மொத்தமும் ஆடிப்போவும். என் பொண்டாட்டி மேல இருக்குறா சார்."

"போறேன், இதோ போறேன்" என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

அவனுக்கு உயிர் வந்தது. முதுகுத் தண்டு வலித்ததைக்கூட மறந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். இதோ மிஷின் நிற்கப் போகிறது. இதோ நின்றுவிடும்.

சாரத்துப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. வாசல் வழியே தெரிந்தது. முதலில் ராமாமிர்தத்தின் மனைவி இறங்கினாள். பின்னால் மகள் இலக்கியா, கையில் குழந்தையோடு. கடைசியாக அவர். வாசலை ஒட்டியே நின்று பேசினார்கள்.

"இப்பதானப்பா மேல போனோம்" என்றாள் இலக்கியா.

"வெய்யில் ஜாஸ்தியா இருக்குதும்மா. புள்ளைக்கு ஆகாது. கார்ல உக்காருங்க."

"அவுங்கள்லாம்?"

"அவுங்க வேலை முடிய வேணாமா? பாதியில நிறுத்துனா தளம் ஒழுவும்."

கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மிஷின் நிற்கவில்லை.

"சின்னம்மா! எறங்குடி! ஆண்டி!" என்று தொண்டை கிழியக் கத்தினான். பதிலுக்கு நேர் மேலே ஒரு சட்டி கொட்டியது. பிறகு இரண்டு தட்டு. முட்டு இன்னும் கொஞ்சம் இறங்கியது. அவள் தட்டாதபோது, எங்கே போனாள் என்று பதறினான். தட்டினால், இன்னும் அங்கேதான் நிற்கிறாளே என்று பதறினான். அவனால் செய்ய முடிந்ததெல்லாம் அதுதான். கத்திக் கத்திக் கடைசியில் குரல் அடைத்துப்போய் வெறும் காற்றுதான் வந்தது.

தளம் விழவில்லை. ஏன் விழவில்லை என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. மிஷின் நின்றது. பேச்சும் சிரிப்புமாக ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஆண்டி உள்ளே வந்து பார்த்தவன், "அய்யய்யோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டு, ஜாக்கியும் பலகையும் எடுக்க ஓடினான்.

சின்னம்மாள் கால் கழுவிக்கொண்டு பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தாள். கணவன் முட்டோடு முட்டாக நிற்பதைப் பார்த்து, "இன்னா மாமா, வேர்த்து ஊத்துது? எல்லாரும் சாப்புட ஒக்காந்தாச்சு" என்றாள். வாயைத் திறந்தான். குரல் வரவில்லை.

"கை ரெண்டும் வேலையா இருக்குதா? சரி, ஆ காட்டு." ஒரு கவளம் உருட்டி அவன் வாயில் வைத்தாள். "நல்ல மனுசன் மாமா இந்த சாரு. நடுவுல ஓடியாந்தாரு பாரு, பேத்திக்கு வெய்யில் ஆவலைன்னு. எறங்கும்போது எங்களையும் பாத்து, பொறுமையா செய்யுங்கம்மா, ஓடாதீங்கன்னு எவ்ளோ பதமா சொல்லிட்டுப் போனாரு தெரியுமா? நம்மள மாதிரி ஆளுங்களை யாரு இப்படி நெனைக்கிறா?"

அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது. காரமா என்று கேட்டு, அடுத்த கவளத்தை உருட்டினாள். அதையும் வாங்கி விழுங்கினான்.