வெள்ளிக்கிழமை சர்க்குலர்

வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பையைத் தூக்குவார்கள், நான் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். மூன்றாம் வகுப்பு டீச்சராகிய எனக்கு டைப் அடிக்கத் தெரியும் என்று வாயை விட்டு மாட்டிக்கொண்டதன் பலன். அடுத்த வாரம் யாருக்கு கேட் டியூட்டி, எங்கே பயிற்சி, என்ன மீட்டிங், கடைசியில் ‘வாய்ப்புகள்’. எல்லாம் ஒரே பக்கம். பதினோரு ஆசிரியர்களும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

என் வேலை முறை சுலபம். போன வாரத்துத் தாளைத் திறந்து, தேதியை மாற்றி, அடித்துவிடுவேன். இதனால் ஒருமுறை முடிந்துபோன விடுமுறை மூன்று வாரம் சர்க்குலரில் இருந்தது. இரண்டு பேர் அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்றாம் வகுப்பு டீச்சர் பெயர் வருவது அப்படியில்லை. அவள் இறந்து மூன்று மாதம். செவ்வாய்க்கிழமை கேட் டியூட்டியில் இருந்து அவள் பெயரை ஒவ்வொரு வாரமும் நானே அழிக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை திறந்தால் அங்கேயே இருக்கிறது.

“இன்னுமா இந்தப் பேரை எடுக்கல?” என்று திரையை எட்டிப் பார்த்த ஹெச்.எம். கேட்டார்.

“கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது மேடம்” என்றேன்.

செவ்வாய்க்கிழமைகளில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் கேட்டுக்குப் பக்கத்தில் தாங்களாகவே வரிசையாக நிற்கின்றன. மற்ற நாளெல்லாம் சந்தைக்கடைதான். “யாரு நிக்கச் சொன்னா?” என்று ஒரு நாள் அதட்டினேன். “டீச்சர்” என்றது ஒரு வாண்டு. எந்த டீச்சர் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவளை நாங்கள் ‘பார்த்தேன் டீச்சர்’ என்போம். நாங்கள் கிறுக்கிவிட்டு ஓடுவோம். அவள் சர்க்குலரை வரிவரியாகப் படித்து, கையெழுத்துக்குப் பக்கத்தில் பச்சை மையில் ‘பார்த்தேன்’ என்று எழுதுவாள். என்னைவிட வயதில் சின்னவள், சர்வீஸில் நாலு வருடம் மூத்தவள். இரண்டு பேரும் ஒரே ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவோம்.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு இடம் காலி, விரும்புகிறவர்கள் ஒரு வாரத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு கடிதம் வந்தது. சர்க்குலரில் போடச் சொல்லி ஹெச்.எம். என்னிடம் கொடுத்தார். போட்டால் அவளும் கேட்பாள். கேட்டால் மூத்தவளுக்குத்தான் கிடைக்கும். கடிதத்தை என் பைக்குள் வைத்தேன். ‘வாய்ப்புகள்: இந்த வாரம் எதுவும் இல்லை’ என்று அடித்தேன். நான் மட்டும் விண்ணப்பித்தேன்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை. நான் அன்று லீவு. கேட் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டாவது பஸ்ஸைப் பிடிக்க ரோட்டைக் கடந்து ஓடியிருக்கிறாள். லாரி வந்ததைக் கவனிக்கவில்லை.

எனக்கு மாறுதல் ஆணை போன வாரம் வந்தது. திங்கட்கிழமை அங்கே சேர வேண்டும்.

“போறதுக்கு முன்னால சர்க்குலர் ஃபைலைக் கொடுத்துடுங்க, ஒரு தடவை புரட்டிப் பார்க்கணும்” என்றார் ஹெச்.எம். ‘எதுவும் இல்லை’ என்று நான் அடித்த தாள் அவர் கண்ணில் பட்டால் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். கிழித்துவிடலாம் என்றுதான் ஃபைலைத் திறந்தேன். பதினோரு கையெழுத்தை எண்ணி, ஓட்டை போட்டுக் கோப்பதோடு சரி. யார் என்ன எழுதினார்கள் என்று ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

‘எதுவும் இல்லை’ என்ற வரிக்குக் கீழே பச்சை மையில் பொடி எழுத்து.

‘பார்த்தேன். அந்த லெட்டரை ஆபீஸ்லயே படிச்சிட்டேன் அக்கா. நீங்களே போங்க. பஸ் படி ஏற உங்க முழங்கால் படுற பாடு எனக்குத் தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.’

அதன் பிறகும் ஒரு மாதம் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். பாவி நான், ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்தேன்.

தாளைக் கிழிக்கக் கை வரவில்லை. அடுத்த வாரச் சர்க்குலரைத் திறந்தேன். செவ்வாய், கேட் டியூட்டி, அவள் பெயர். இந்த முறை அழிக்கவில்லை. பக்கத்தில் என் பெயரை அடித்தேன்.

இரண்டு தாளையும் ஹெச்.எம். மேசையில் வைத்தேன். பச்சை எழுத்தை அவர் இரண்டு முறை படித்தார். பிறகு புதுத் தாளைப் பார்த்தார்.

“திங்கக்கிழமை நீங்க அங்க சேரணுமே?”

“அது எனக்கு வேண்டாம் மேடம். எழுதிக் கொடுத்துடறேன்.”

அவர் பேனாவை நீட்டினார். புதுச் சர்க்குலரில் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதினேன்.