அடுத்த அறையில் தம்பி

அடுத்த அறையில் தம்பி என்ன சொல்லிக்கொண்டிருக்கிறானோ என்று அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். குரல் கேட்கிறது, வார்த்தை பிடிபடவில்லை.

சற்று முன்னால்தான் இருவரும் கூடத்தில் நின்று தங்கள் கருவியைக் காட்டியிருந்தார்கள். டிரிப்ஸ் பாட்டில் தீரப்போகிறது என்றால் மணியடித்து நர்ஸைக் கூப்பிடும் சின்னப் பெட்டி. வார்டில் நர்ஸாக ஓடி ஓடிக் கால் தேய்ந்த அக்காவின் யோசனை, தம்பியின் கைவேலை. எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஏஞ்சல் முதலீட்டாளர்கள் என்று பெயர். பெயரைக் கேட்டு மயங்கிவிட வேண்டாம். பல் டாக்டர், ஓய்வுபெற்ற இன்ஜினியர், டைல்ஸ் வியாபாரி என்று சொந்தப் பணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதர்கள்தான். தனியாகப் போட பயம், அதனால் கூட்டாகப் போடுகிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம், பதிலுக்குக் கம்பெனியில் ஒரு பங்கு. பாதிக்கு மேல் ஊற்றிக்கொள்ளும் என்று தெரிந்தேதான் போடுகிறார்கள். அதிலும் ஒருவர் முன்வந்து துருவிப் பார்த்து 'சரி' என்றால்தான் மற்றவர்கள் பர்ஸைத் திறப்பார்கள். இன்று துருவுகிற முறை பல் டாக்டருடையது.

அவர் வழக்கம் விசித்திரமானது. பணம் கேட்டு வரும் கூட்டாளிகளைத் தனித்தனியாக உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

"கூடத்துல எதைச் சொல்லாம விட்டீங்கம்மா?" பல்லைப் பிடுங்கப்போகிறவரின் கனிவு அந்தக் குரலில் இருந்தது.

"ஸ்டாண்டை யாராவது இடிச்சுட்டா சும்மாவே மணி அடிச்சிடுது சார். சரிபண்ணிட்டு இருக்கோம்" என்றாள் அக்கா. அவர் தலையாட்டிவிட்டுத் தம்பியிடம் போனார். போனவர் வந்தபாடில்லை. அப்படி என்னத்தைக் கொட்டுகிறான்? இந்தப் பணம் வராவிட்டால் மாதக் கடைசியில் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. இருவரும் வந்து உட்கார்ந்தார்கள்.

"நான் போடறேன். மத்தவங்களும் வருவாங்க" என்றார் பல் டாக்டர். "ஒரு நிபந்தனை. தம்பியோட பங்கு மொத்தமா அவர் கைக்கு வராது. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். நடுவுல விட்டுட்டுப் போனா மிச்சம் கம்பெனிக்கே."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "ராப்பகலா உக்காந்து இதைச் செஞ்சவன் சார். இவனை நம்ப முடியலைன்னா உங்க பணமே எங்களுக்கு வேண்டாம்."

தம்பி மேஜையைப் பார்த்தபடி, "நான்தான்க்கா கேட்டேன்" என்றான்.

"என்னடா சொல்ற?"

"ஒரு பெரிய கம்பெனியில வேலைக்குக் கூப்பிட்டுட்டே இருக்காங்க. ரெண்டு தடவை வரேன்னு எழுதி அழிச்சிட்டேன். அடுத்த தடவை அழிப்பேனான்னு எனக்கே தெரியல. அதான் கட்டிப்போடச் சொன்னேன்."

இவனை விளையாட்டுப் பிள்ளை என்றல்லவா நினைத்திருந்தாள். வெட்கமாகவும் இருந்தது, அவனை நினைத்தல்ல.

"எனக்கும் அதே நிபந்தனையைப் போடுங்க சார்."

"உங்க மேல எனக்குச் சந்தேகமே இல்லையேம்மா."

"கேட்டப்ப நான் முழுசாச் சொல்லல. ஆஸ்பத்திரி வேலைய இன்னும் விடல. சம்பளமில்லாத லீவுலதான் இருக்கேன்."

தம்பி நிமிர்ந்தான். "ராஜினாமா குடுத்துட்டேன்னு சொன்னியேக்கா."

அக்கா போனை எடுத்து, அங்கேயே தலைமை நர்ஸுக்கு ராஜினாமாவை எழுத ஆரம்பித்தாள். தம்பி நாற்காலியை நகர்த்தி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அழிச்சிடாதேக்கா" என்றான்.