இரண்டாம் பலகை

நாற்பது வருஷம் அந்தப் படகிலிருந்து தண்ணீரை வெளியே இறைத்தவர், அன்று காலை குழாயைப் பிடித்து அதற்குள்ளே தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விடுதி முகப்பில், புல்தரை நடுவே, படகுக்குப் பளிங்கில் பீடம். கடலில் ஓடிய காலத்தில் ஒரு பூச்சு தாருக்கே தவம் கிடந்த படகு. இப்போது உள்ளும் புறமும் நீலமடித்து, அடியில் சிமெண்ட் பூசி, அல்லிக்குளமாக்கியிருந்தார்கள். தண்ணீர் இறைக்கும் பழைய தகரக் குவளைக்கும் யோகம்தான். தங்க வண்ணம் பூசி, படகின் முன்முனையில், அணியத்துப் பலகையில் வைத்திருந்தார்கள்.

"பெரியவரே, விளிம்பு வரைக்கும் நிக்கணும். பதினோரு மணிக்குத் தலைவர் திறந்து வைக்க வந்துடுவார்," என்றார் மேனேஜர்.

"விளிம்பு வரைக்கும் விட்டா முழுகிடும் சார்."

"தரையில எப்படிய்யா முழுகும்?"

புல் வெட்டிக்கொண்டிருந்தவர் குலுங்கிச் சிரித்தார். படகுக்காரரும் சிரித்து வைத்தார். தோட்டவேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம். ஒரு வருஷம் முடிந்தால் நிரந்தரம். நிரந்தரமானவரின் மனைவியை விடுதி டாக்டரே பார்ப்பார். அவருடைய மனைவி பின்கட்டில் எட்டு மணி நேரம் நின்றபடி படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். இடுப்பு விட்டுப்போய், ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏற்றிய படகு மாதிரி சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள்.

குழாய்த் தண்ணீர் முதல் பலகையைத் தாண்டியது.

மூன்று வருஷத்துக்கு முன்பு துறைமுக அதிகாரி ஒலிபெருக்கியோடு கரைக்கு வந்திருந்தார். அவருக்குக் குடை பிடிக்க ஒருவர், ஒலிபெருக்கியைத் தூக்க ஒருவர். "மூணே மாசம்! துறைமுகத்தை அகலப்படுத்தினதும் அவங்கவங்க படகை அவங்கவங்க எடுத்துக்கலாம்!" ஆளுக்கொரு அட்டையில் எண் எழுதிக் கொடுத்தார்கள். பதினெட்டுப் படகுகளை உப்பங்கழி ஓரத்தில் விட்டார்கள்.

"அந்தக் குவளையையாவது எடுத்துட்டு வாங்க. அரிசி அளக்க ஆகும்," என்றாள் மனைவி.

"மூணு மாசத்துல திரும்பி வந்து, கையாலயா இறைக்கச் சொல்ற?"

குவளையை இரண்டாம் பலகைக்கு அடியில் செருகினார். கயிற்றில் எப்போதும் போடும் ஒரு முடிச்சோடு இன்னொன்றும் போட்டார். ஊருக்குப் போகிறவன் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பதைப்போல, அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று மாதத்துக்கு எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்?

துறைமுகம் அகலமானது. அகலமான துறைமுகத்தில் சின்னப் படகுகளுக்கு இடமில்லை என்றார்கள். உப்பங்கழியில் கிடந்த இவர் படகை விடுதிக்காரர்கள் அலங்காரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

சொன்ன நேரத்துக்கு ஒரு மணி கழித்துத் தலைவர் வந்தார். கடல்காற்று ஒத்துக்கொள்ளாததால் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டே வந்தார். இறங்கி, மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி, "கடல் என்னுடைய தாய்," என்று பேச்சைத் தொடங்கினார். படகுக்காரரின் தலையில் ஒரு புதுத் தொப்பியை மாட்டிப் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார்கள். பேச்சு ஆயிரம் அலைகளைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. குழாயை மூட யாருக்கும் நினைவு வரவில்லை.

தண்ணீர் இரண்டாம் பலகையைத் தொட்டது.

அது தம்பி உட்காரும் பலகை. ஒரு மதியம் காற்று திரும்பி, பொழுது சாயும்வரை தம்பி துடுப்புப் போட, இவர் இறைத்தார். இரண்டு நகம் போனது. "ரெண்டாம் பலகையைத் தண்ணி தொட்டுடுச்சுண்ணே! சாமியை அப்புறம் கூப்பிடலாம், இறைண்ணே!" என்று கத்திக்கொண்டே இருந்தான். இப்போது எங்கேயோ கல் உடைக்கிறான். அங்கே குடிக்கவே தண்ணீர் இல்லையாம்.

இவர் கை குவளையை எடுத்துவிட்டது. முதல் வீச்சு தலைவரின் காலணியில் விழுந்தது. மேனேஜரின் முகம் வெளுத்தது. தலைவர் காமிராக்களைப் பார்த்தார். உடனே சிரித்துக் கை தட்டினார். அப்புறம் எல்லோருமே தட்டினார்கள்.

"என்ன நடிப்பு! தத்ரூபம்!"

இவருக்குக் காதில் விழவில்லை. குனிந்து, மூச்சு வாங்க, அல்லியும் இலையுமாக அள்ளி வெளியே வீசிக்கொண்டிருந்தார். பின்கட்டு வாசலிலிருந்து மனைவி சாய்ந்து சாய்ந்து ஓடி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏங்க… போதுங்க. கரைக்கு வந்துட்டோம்."

மறுநாள் மேனேஜர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அதுவே கலவரமாக இருந்தது.

"நீங்க இனிமே தோட்டக்காரர் இல்ல பெரியவரே. கலைஞர்! காலையில ஒரு காட்சி, சாயங்காலம் ஒரு காட்சி. நேத்து மாதிரியே இறைச்சா போதும்."

"அடுத்த மாசம் நிரந்தரம் ஆகும்னு சொன்னீங்களே சார்…"

"அது தோட்டக்காரருக்கு. கலைஞரை நிரந்தரம் பண்ண விதியில இடம் இல்லையே. ஒப்பந்தம்தான்."

"அப்ப வீட்டுக்காரியை டாக்டர்கிட்ட…"

"முதல்ல வெள்ளைச் சீருடை ரெண்டு செட் வாங்கிக்குங்க. சுருக்கம் இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

காட்சிக்குக் காட்சி சீருடை நனைந்தது. பின்கட்டில் விரிப்புகளெல்லாம் முடிந்த பிறகு மனைவி அதை எடுத்து விரித்தாள். வலதுகாலிலிருந்து இடதுகாலுக்கு மாறி நின்று, கால்சட்டையின் மடிப்பைக் கத்தி முனைபோல் தேய்த்தாள்.

வெளியே விசில் ஊதியது. அவர் தங்கக் குவளையை எடுத்தார். அல்லி இலைகளுக்கு அடியில் மறைத்துப் பதித்திருந்த குழாயைத் திறந்துவிட்டார்கள். அவர் இறைத்தார். இறைக்க இறைக்க, தண்ணீர் இரண்டாம் பலகையிலேயே நின்றது.