மூணும் எரிஞ்சாத்தான்

மேசைக்கு அடியில் குப்புறப் படுத்திருந்த ரென்ஸ்கே, பல்லில் கவ்வியிருந்த சிறு டார்ச்சைத் துப்பிவிட்டுத்தான் கணவனின் அண்ணனைத் திட்டினாள். டார்ச்சோடு திட்டிப் பார்த்தாள். சொல் சரியாக விழவில்லை.

"பிடுங்கி மாட்டு, பிடுங்கி மாட்டுன்னு காலைலேர்ந்து பதினாலு தடவ சொல்லிட்ட ஃபொக்கோ. இது என்ன பல்லா, பிடுங்கறதுக்கு?"

"பிடுங்கினதும் பத்து எண்ணணும். அப்புறந்தான் மாட்டணும். நீ எண்ண மாட்டேங்கற," என்றார் ஃபொக்கோ மேலேயிருந்து. அறுபத்தெட்டு வயது. முழங்கால் மடங்காது என்பதால் மேசைக்கு அடியில் நடக்க வேண்டிய வேலையை எல்லாம் அவர் வாயாலேயே செய்துவந்தார். அந்த வாயிலும் இப்போது வெண்ணெய் தடவிய சர்க்கரை ரொட்டி இருந்தது.

"எண்ணினேன்."

"ஒம்பதுதான் கேட்டுச்சு."

மேசைமேல் மூன்று பெரிய மானிட்டர்கள் வரிசையாக நின்றன. இரண்டில் புல்லும் வானமும் பளிச்சென்று இருந்தன. மூன்றாவது கறுத்துக் கிடந்தது. 'சிக்னல் இல்லை' என்று எழுதிய ஒரு சின்னக் கட்டம் மட்டும் வேலையில்லாத ஈ மாதிரி அதன் மூலைக்கு மூலை உலாவிக்கொண்டிருந்தது. மணி ஒன்று. இரண்டு மணிக்கு டாக்டர் வருவார்.

கணவன் வீபேயைக் குணப்படுத்த அல்ல. அந்தப் பேச்சு மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. கணையத்தில் தொடங்கிய புற்று முதுகெலும்புவரை குடியேறிவிட்டது. வீட்டு டாக்டரோடு பேசி, காகிதங்களில் கையெழுத்துப் போட்டு, இன்னொரு டாக்டரும் வந்து பார்த்துப் போனபிறகு, வீபே தன் சாவுக்குத் தானே நாள் குறித்துக்கொண்டார். அவர்கள் நாட்டில் டாக்டரே மருந்து கொடுத்து அனுப்பிவைப்பது சட்டப்படி சரி. ரென்ஸ்கேகூட வசந்தத்தில் ஒருநாள், "அது உன் இஷ்டம்" என்று சொல்லியிருந்தாள்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அந்த நாளைத் தெரிந்துகொண்ட விதத்தில்.

அந்த ஊரில் எல்லா வீட்டையும் போல அவர்கள் வீட்டிலும் பிறந்தநாள் காலண்டர் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் தொங்கியது, உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராக. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவள் அங்கே உட்கார்ந்திருந்தபோது, தன் தங்கையின் பிறந்தநாளுக்கும் பக்கத்து வீட்டு இரட்டையரின் பிறந்தநாளுக்கும் நடுவில், அளவுகோல் வைத்த மாதிரியான கணவனின் எழுத்தில், 'வீபே, 14:00' என்று இருந்ததைக் கண்டாள். கால்சட்டையை ஏற்றாமலே ஓடிவந்து கத்தினாள் என்று ஃபொக்கோ ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அது பொய். பாதி ஏற்றியிருந்தாள்.

"அங்க எழுதினா நீ கண்டிப்பாப் பாப்பேன்னு தெரியும்," என்றார் வீபே, ரொம்ப நியாயமாக. முப்பத்துநாலு வருடம் நீர் வாரியத்தில், கடல் ஊருக்குள் வராமல் தடுக்கிற கடலணைகளுக்கு வரைபடம் போட்ட மனிதர் அப்படித்தான் பேசுவார்.

அன்றிலிருந்து அவள் கதவுகளைச் சாதாரணமாகச் சாத்தவில்லை.

ஓய்வு பெற்றதும் வீபே ஒரு காரியம் செய்தார். ஊரின் வடக்கே கடலணைமேல் ஏறி நடந்தார். ஐம்பது அடிக்கு ஒரு படம். முப்பத்தோரு கிலோமீட்டர், இரண்டு வருடம், மழை வெயில் பார்க்கவில்லை. எடுத்த படங்களையெல்லாம் தையல் தெரியாமல் ஒட்டி ஒரே படமாக்கினார். அணையில் மேய்ந்த ஆடு ஒன்று சிநேகமாகிப் பின்னாலேயே வந்ததால், அது மட்டும் பதினோரு இடத்தில் பதினோரு வளர்த்தியில் நிற்கிறது. அப்படி ஒரு நீளம். அதை ஒரு திரையில் முழுசாகப் பார்த்தால் அணை நூலாகிவிடும். பெரிதாக்கினால் ஆட்டின் காது மட்டும் தெரியும். அவர் கணக்குப்படி இந்த மாதிரிக் கூர்மையான திரை மூன்று, பக்கத்துப் பக்கத்தில் வேண்டும். இரண்டு இருந்தது. மூன்றாவது நேற்றுத்தான் பெட்டியில் வந்தது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் ஃபொக்கோ. "இந்த லேப்டாப்புக்கு ரெண்டுக்கு மேல தாங்காது. கழுதைக்கு மூணு மூட்டை ஏத்தற மாதிரி."

"தாங்கும்," என்றது கட்டிலிலிருந்து வீபேயின் குரல். ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு வாங்கி, தெருப் பார்த்த பெரிய ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவே போட்டிருந்தார்கள். "வாங்கும்போதே படிச்சுப் பாத்துத்தான் வாங்கினேன். மூணும் தாங்கும்."

"அப்போ ஏன்டா எரியல?"

"நீ மாட்டினதால."

"பாத்தியா ரென்ஸ்கே, போற நேரத்துல பேசற பேச்ச."

"பத்து மணிக்கு ரெண்டு திரையிலயும் ஒரே ஆட்டக் காட்டினவன் யாரு?" என்று கேட்டார் வீபே. "விரிச்சுப் போடுன்னா நகல் எடுக்கற. நீ இருக்கற வீட்ல எல்லாமே ரெண்டு ரெண்டாத்தான் வரும்."

ஃபொக்கோ சிரித்தார். வீபேயும் சிரித்தார். மேசைக்கு அடியில் ரென்ஸ்கே சிரிக்கவில்லை. இரண்டு ஆண்களும் மீன்பிடிக்கப் போகிற காலை மாதிரிப் பேசிக்கொள்வது அவள் காதுக்குள் ஊசி ஏற்றியது. தன் கணவன் சாகிற நாளில் தான் ஏன் தூசியைத் தின்றுகொண்டு கம்பிகளுக்கு நடுவில் கிடக்கிறோம் என்று நினைத்தாள். நினைக்க நினைக்கக் கோபம் இன்னும் கொஞ்சம் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

"ஃபொக்கோ," என்றார் வீபே. "ஒண்ணே முக்காலுக்குள்ள மூணும் எரியலேன்னா டாக்டருக்குப் போன் பண்ணிடு. இன்னிக்கு வேணாம். மூணுல ரெண்டு பங்கு அணையப் பாத்துட்டுப் போறதுக்கா ரெண்டு வருஷம் நடந்தேன்? மூணும் எரிஞ்சாத்தான்."

"அந்தம்மா அடுத்த வாரம் லீவுன்னுச்சே."

"அப்போ அதுக்கு அடுத்த வாரம்."

மேசைக்கு அடியில் டார்ச் வெளிச்சம் அசையாமல் நின்றது.

ரென்ஸ்கே விரலில் எண்ணினாள். குறைந்தது பன்னிரண்டு நாள்.

அப்போதுதான் அவள் அந்த கேபிளைப் பார்த்தாள். கம்பிகள் எல்லாம் வந்து சேரும் கறுப்புப் பெட்டியின் பின்னாலிருந்து மூன்றாவது திரைக்கு ஏறிப்போனது அது. முனையில் ஒரு பொட்டு சிவப்பு நகப்பூச்சு. அவளே வைத்த அடையாளம், யாரும் தூக்கிப்போகக் கூடாது என்று. அவளுடைய போன் சார்ஜர் கேபிள். காலையில் ஃபொக்கோ சமையலறை இழுப்பறையிலிருந்து எடுத்திருக்கிறார். முனை பொருந்தியிருக்கிறது, அவருக்கு அது போதும். பத்து வருடமாகச் சாப்பாட்டு மேசையில் வீபே இதைத்தான் ஓதிக்கொண்டிருந்தார்: வாய் எல்லாத்துக்கும் ஒண்ணுதான், வயித்துல என்ன இருக்குங்கறதுதான் வித்தியாசம். இந்த கேபிளுக்குப் போனுக்குச் சோறு போடத் தெரியும். படத்தைச் சுமந்துபோகத் தெரியாது.

சுமக்கத் தெரிந்தது, புதுத் திரை வந்த பெட்டியில், அவள் முழங்கைக்குப் பக்கத்தில், கட்டுக்கூடப் பிரிக்காமல் சுருண்டு கிடந்தது.

இருபது வினாடி வேலை.

அவள் அந்தப் புதுக் கேபிளை எடுத்துக் கம்பளிச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

"ஏதாவது தெரியுதா?" என்றார் ஃபொக்கோ.

"ஒரு மண்ணும் தெரியல. நீ சொன்னதுதான் சரி போல. தாங்காது."

ஃபொக்கோ ஐம்பது வருடத்தில் முதல் முறையாக அவளிடம் ஜெயித்திருந்தார். "நான் சொல்லல?" என்றார் மெதுவாக.

பன்னிரண்டு நாள். பன்னிரண்டு காப்பி. ஞாயிறு இரண்டு உறுதியாக வரும். எழுதிக்கொள்ளட்டும் கழிப்பறையில். அவள் பேனாவை ஒளித்து வைப்பாள்.

"சரி விடு," என்றார் வீபே மேலே. குரல் லேசாக இருந்தது. "பன்னெண்டு நாள் ஃபொக்கோவோட மூஞ்சியப் பாக்கணும்னு எழுதியிருக்கு. வலி மருந்து அதுக்கும் சேத்துக் கேக்கணும்."

ஃபொக்கோ வெடித்துச் சிரித்தார்.

ரென்ஸ்கே தலையைத் திருப்பினாள். தரையில் கன்னம் வைத்துப் படுத்திருந்ததால் அவளுக்குக் கட்டிலின் அடிப்பாகம் தெரிந்தது. ஜன்னல் பக்கமாக, மேலே நிற்கிற எவருக்கும் தெரியாத இடத்தில், போர்வைக்குக் கீழே வீபேயின் இடது கை தொங்கியது. தொங்கவில்லை, மெத்தைக்கு அடியிலிருந்த இரும்புச் சட்டத்தைப் பிடித்திருந்தது. விரல் கணுக்கள் வெண்ணெய் நிறத்தில் இருந்தன. மேலே குரல் ஏதோ சொல்லிச் சிரித்தபோது, கீழே அந்தக் கை இரும்பை முறுக்கியது. கட்டைவிரல் நகம் தன் சதையிலேயே இறங்கி, பழைய காயத்தின்மேல் புதுக் காயம் வைத்தது. பழையது ஒன்றல்ல. நாலைந்து இருந்தன, வரிசையாக, அளவெடுத்த மாதிரி.

இரண்டு மாதமாகக் காலையில் அவள்தான் அவரைத் துடைத்துவிட்டாள். இடது கையை மட்டும் அவர் தானே துடைத்துக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தார். வரைகிற கை, கூச்சம் என்றார். அவளும் நம்பினாள்.

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். மூன்று தடவை முறுக்கியது.

"கீழ தூங்கிட்டாளா?" என்றார் வீபே.

"நாசமாப் போறவனே," என்றாள் ரென்ஸ்கே, தரையைப் பார்த்து.

"யாரு, நானா?" என்றார் ஃபொக்கோ.

"ரெண்டு பேரும்தான்டா!"

சட்டைக்குள்ளிருந்து கேபிளை உருவினாள். கட்டுக்கம்பி பிரிய மறுத்தது. பல்லால் கடித்து அறுத்தாள், உதட்டில் ரத்தம் வந்தது. சிவப்புப் பொட்டு வைத்ததைப் பிடுங்கி எறிந்தாள். அது ஃபொக்கோவின் கணுக்காலில் பட்டது. புதியதைக் கறுப்புப் பெட்டியில் குத்தினாள், கத்தியால் குத்துகிற மாதிரி. கையை மட்டும் மேலே நீட்டி மறுமுனையைத் திரையின் முதுகில் தடவித் தேடி அங்கேயும் குத்தினாள். பத்து எண்ணவில்லை.

"எரிஞ்சுடுச்சு!" என்று கத்தினார் ஃபொக்கோ. "எரிஞ்சுடுச்சுடா வீபே! நான் சொன்னேன் பாத்தியா, பிடுங்கி மாட்டினா சரியாகும்னு!"

அவள் தவழ்ந்து வெளியே வந்து எழுந்தபோது மூன்றிலும் வெளிச்சம் இருந்தது. ஆனால் அணை நடுவில் முடிந்து, இடதில் தொடங்கி, வலதில் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.

"திரை நம்பரக் காட்டச் சொல்லு," என்றார் வீபே கட்டிலிலிருந்து. ஃபொக்கோ அமுக்க, திரைகளில் பெரிது பெரிதாக 1, 3, 2 என்று தோன்றின. "மூணைப் பிடிச்சு வலப்பக்கம் இழு. அது வலப்பக்கம் இல்லடா, நீ சோறு திங்கற கைப்பக்கம்."

இழுத்தார். கடல் தன் இடத்துக்குப் போனது. துறைமுகத்தின் சிவப்பு விளக்கிலிருந்து கிழக்கே மடை இருக்கும் இடம்வரை, ஒரு துண்டும் விடாமல், அணை சுவரிலிருந்து சுவர்வரை படுத்திருந்தது.

ஃபொக்கோ மெல்லுவதை நிறுத்தினார்.

இடமிருந்து வலமாகப் பார்த்து முடித்துவிட்டு வீபே சொன்னார்: "ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஒட்டுத் தெரியுது."

"எங்க?" என்றாள் ரென்ஸ்கே.

"அந்த வேலி. ஒரு முப்பது சென்டிமீட்டர் காணோம்."

"அந்த முப்பது சென்டிமீட்டர் வழியாத்தான் கடல் உள்ள வரப்போகுதா? பேசாமப் பாரு."

அவர் பேசாமல் பார்த்தார். அவள் கட்டிலைச் சுற்றி ஜன்னல் பக்கமாகப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போர்வைக்குள் கைவிட்டு, அந்த இரும்புச் சட்டத்திலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்தாள்.

"என் கையப் பிடி," என்றாள். "உடைச்சாலும் பரவால்ல."

இரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் மணி அடித்தது. டாக்டர் போஸ்ட்மா வாசலில் காலை வெகுநேரம் துடைத்துவிட்டு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"இன்னிக்கு இது உங்க விருப்பம்தானே, வீபே? வேணாம்னா நான் ஒரு காப்பி குடிச்சிட்டுப் போயிடுவேன். வருத்தப்பட மாட்டேன்."

"காப்பி நல்லா இருக்காது. ஃபொக்கோ போட்டது," என்றார் வீபே. பிறகு, "ஆமா. என் விருப்பம்தான்," என்றார்.

டாக்டர் ரென்ஸ்கேயைப் பார்த்தார். ரென்ஸ்கே உதட்டு ரத்தத்தை நாக்கால் துடைத்துக்கொண்டாள்.

இரண்டே காலுக்கு எல்லாம் முடிந்திருந்தது. இப்படியான சாவை நகராட்சி டாக்டர் வந்து பார்த்து எழுதும்வரை எதையும் நகர்த்தக் கூடாது, ஒரு மணி நேரம் ஆகலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் போஸ்ட்மா போன் பேச வாசல் நடைக்குப் போனார். ஃபொக்கோ சமையலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். தண்ணீர் சத்தத்தைவிட அழுகை பெரிதாக இருந்தது.

ரென்ஸ்கே மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் நான்கு விரல்களின் தடம் சிவப்பாக இருந்தது. மூன்று திரைகளும் மெல்ல மங்கத் தொடங்கின. அவள் மவுஸைத் தொட்டாள். வெளிச்சம் திரும்பியது.

பத்து நிமிடத்தில் மறுபடி மங்கியது. தொட்டாள்.

ஃபொக்கோ முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "அது அணையாம இருக்கறதுக்கு ஒரு வழி இருக்கு ரென்ஸ்கே," என்றார். "ஒரே அமுக்கு. நான் வேணா…"

"கிட்ட வந்த, கையை ஒடிச்சுடுவேன்."

அவர் வரவில்லை. தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். திரைகள் மங்கின, அவள் ஒரு விரலை வைத்து மவுஸை நகக்கண் அளவுக்கு நகர்த்தினாள்.