ஐந்து தேக்சா, ஒரு திரை

எங்கள் தெரு பாயிஸா ஒரு புரோகிராம் எழுதினாள். அவள் மாமா ரவூப் கள்ளக்குறிச்சியில் கல்யாண பிரியாணி போடுகிறவர். அடுப்படியில் போனைத் தட்டினால் போதும், ஐந்து தேக்சாவில், அதாவது பிரியாணி அண்டாவில், எது தயார், எது தம்மில் என்று பந்திப் பக்கம் வைத்த திரையில் தெரியும். இல்லையென்றால் அங்கும் இங்கும் ரவூப்தான் ஓடவேண்டும், அந்த உடம்பை வைத்துக்கொண்டு.

"எலவனாசூர்கோட்ட கல்யாணத்துல ஓடலன்னா இத்த மூட்ட கட்டிடு" என்று முன்பே சொல்லிவிட்டார்.

வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடியது. தோழி எழில்மதியின் லினக்ஸில் ஒருதரம் விக்கினாலும் ஓடியது. மண்டபத்தில் மாப்பிள்ளையின் தம்பி நிஷாத் கொடுத்ததோ மேக். முதல் தேக்சாவின் செய்தி வந்ததுமே புரோகிராம் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாள். மறுபடி மூடிக்கொண்டது.

"இன்னாம்மா, கண்ணாமூச்சி ஆடிக்கினு கீது?"

"தெர்ல மாமு. வூட்டுல நல்லாத்தான் ஓடுச்சு."

"வூட்டுல நானுங்கூடத்தான் நல்லா ஓடுவேன்."

பந்திக்கு ஒரு மணி நேரம்தான். பொறுக்காமல் ரவூப் அடுப்படிக்குப் போய் மூன்றாவது தேக்சாவின் மூடியைத் தூக்கினார். தலைமைச் சமையல்காரர் பண்டாரி சுபுஹான் கரண்டியோடு வந்துவிட்டார்.

"பாய், மொதலாளின்னாலும் மூடிய நாந்தான் தொறக்கணும். எதுனா சொல்லணும்னா என்னாண்ட சொல்லுங்க. ஆளாளுக்குத் தொறந்தா ஆவி போயி அரிசி வெறச்சிப் பூடும்."

"சும்மா பாத்தேம்பா."

"எல்லாரும் சும்மாதான் பாக்குறாங்க."

மாமா பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டிருந்த பாயிஸா தலையில் அடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தேக்சாவுக்கும் ஒரு த்ரெட் வைத்திருந்தாள். த்ரெட் என்றால் புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை. செய்தி வந்ததும் ஐந்தும் தாமே போய்த் திரையைத் தொட்டன. விண்டோஸ் கண்டுகொள்ளவில்லை, லினக்ஸ் முனகியது, மேக் சுபுஹான் மாதிரி.

உட்கார்ந்து மாற்றினாள். இனி ஐந்தும் செய்தியை வரிசையில் போட்டுவிட்டு ஒதுங்கவேண்டும். திரையைத் தொடுவது புரோகிராமை நடத்தும் முதன்மை த்ரெட் ஒன்றுதான்.

திரையில் முதல் தேக்சா பச்சை நிறமானது, தயார் என்று. பிறகு இரண்டாவது. ஐந்தாவதும் வந்தபோது பந்தியில் இலை விழுந்துகொண்டிருந்தது. ரவூப் நாற்காலியில் சாய்ந்து திரையையே பார்த்தார்.

"வர்ற வெள்ளிக்கெழம கரியாலூர்ல கல்யாணம். அங்க இன்னா கம்ப்யூட்டர் குடுப்பாங்களோ."

"எது குடுத்தாலும் ஓடும் மாமு."

"அப்ப அன்னிக்குக் காலைல ரெடியா இரு. வேன்ல முன்சீட்டு ஒனக்கு."